அடைத்த மூக்கோடு ஒரு கத்திரி வெயில்

மூக்கு அடைத்திருக்கிறது என்று சொன்னால் யாரும் நின்று கேட்பதில்லை. ‘மூக்கு உள்ள மட்டும் சளி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதிலும் அந்த அடைப்பு நாமாகக் காசு கொடுத்துச் செய்துகொண்ட காரியத்தால் வந்தது என்றால் சொல்லவே நா எழாது. போன வருடம் கத்திரி வெயிலில் எனக்கு மூக்கில் அறுவை சிகிச்சை நடந்தது. அழகுக்காகத்தான். நடுவில் புடைத்திருந்த மேட்டைச் செதுக்கி, இரண்டு பக்க எலும்பையும் நறுக்கி நெருக்கி வைத்து, உள்ளே கோணியிருந்த நடுச்சுவரையும் நேராக்கினார்கள். மூக்கு நன்றாக வந்திருக்கிறது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு வருடமாக மனதை அரித்துக்கொண்டிருப்பது வேறு. முதல் ஆறு நாள் மூச்சுக்குத் திண்டாடியபோது, வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேனே, அது ஏன்?

குடியாத்தத்தில் இருக்கும் ஆயாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே மூக்கு. பக்கவாட்டில் பார்த்தால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். கல்யாண வீடுகளில் ‘இது யார் வீட்டுப் பொண்ணு’ என்று என்னை யாரும் கேட்டதில்லை, மூக்கே சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிளிமூக்கு என்று பெயர். வேறு யாரையாவது ‘மூக்கும் முழியுமா இருக்கா’ என்று சொல்லக் கேட்டால் என் கை தன்னால் மூக்குக்குப் போகும். பன்னிரண்டு வயதில் தொடங்கியது, முப்பது வயதிலும் நிற்கவில்லை. இரண்டு வருடம் சீட்டுக் கட்டி, எடுத்த பணத்தில் நாள் குறித்தேன். நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. அழகு சிகிச்சை என்று சொல்லி விடுப்புக் கேட்க மனசு வராமல் கோடை விடுமுறைக்குக் காத்திருந்தேன். அம்மாவிடம் சொன்ன அன்றைக்கு அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை. “என் மூக்குதான அது? அதுக்கு இன்னா கொறச்சல்?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூக்குத்தியைக் கழற்றப் பத்தர் கடைக்குப் போனபோது கூடவே வந்தாள். திருகாணி இறுகிக் கிடந்தது. அவர் எண்ணெய் விட்டுத் திருகும்போது ஆடாமல் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் மூக்குத்தியைக் கைக்குட்டையில் முடிந்து உள்ளங்கையில் வைத்திருந்தாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மாவின் மௌனம் ஒரு பக்கம் என்றால், இந்த ஊர் இன்னொரு பக்கம். வேலூர் நோயாளிகளின் ஊர். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனையை நம்பி, வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு மூன்று நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து காட்பாடியில் இறங்குகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். லாட்ஜுத் தெருக்களில் கடைப் பலகைகூட வங்காளியில் இருக்கும். மாதக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்காகக் காய்கறிக் கடைக்காரர்களும் இந்தியும் வங்காளியும் பேசுவார்கள். எனக்குச் சிகிச்சை நடந்தது வேறொரு சின்ன மருத்துவமனையில். ஆனால் வீட்டுக்குத் திரும்பிய ஆட்டோ அந்தத் தெரு வழியாகத்தான் வந்தது. ஒருவர் பெரிய எக்ஸ்ரே உறையை வெயிலுக்குத் தலைமேல் பிடித்துக்கொண்டு, தலையில் கட்டுப்போட்ட பையனைக் கைப்பிடித்துச் சாலையைக் கடத்திக்கொண்டிருந்தார். ஆட்டோ அவர்களுக்காக நின்றது. நான் முந்தானையால் என் மூக்குக் கட்டை மூடிக்கொண்டேன். இவர்களுக்கு நடுவில் எனக்கு மூச்சு அடைக்கிறது என்று வாய் திறக்க எனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

உள்ளே நடப்பது

மே 9 அன்று சிகிச்சை. இரண்டாம் நாள் உள்ளே திணித்திருந்த பஞ்சை உருவிவிட்டார்கள். நடுச்சுவரின் இரு பக்கமும் மெல்லிய சிலிக்கோன் தகடுகள் இருந்தன, வெளியே மூக்கின் மேல் கெட்டியான கட்டு. இரண்டும் ஒரு வாரம் இருக்கவேண்டும். வலி பெரிதாக இல்லை, மாத்திரைக்கு அடங்கியது. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்ததும் பார்க்கத்தான் பயம். அடைப்புக்கு மட்டும் நான் தயாராகவே இல்லை. மூக்கின் துவாரத்திலிருந்து ஏறக்குறைய 1.3 சென்டிமீட்டர் உள்ளே, பாதை முழுவதிலும் மிகக் குறுகலான ஓர் இடம் இருக்கிறதாம். சாதாரண நாளிலேயே காற்று அங்கே நெருக்கிக்கொண்டுதான் போகும். அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியும். எனக்கோ எலும்பை வேறு நெருக்கி வைத்திருக்கிறது, உள்சவ்வு வீங்கியிருக்கிறது, அதன்மேல் உறைந்த ரத்தமும் சளியும். மருத்துவர் இதையெல்லாம் படம் போட்டு விளக்கித்தான் அனுப்பினார். விளக்கம் கேட்டபோது புரிந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த விளக்கம் உதவிக்கு வரவில்லை.

சோறு உருண்டையை விழுங்கினால் காதுக்குள் ‘குப்’ என்று அடைக்கும். மூக்கு மூடியிருக்கும்போது விழுங்கினால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மெல்லும்போது மூச்சு விட முடியாது, மூச்சு விட்டால் மெல்ல முடியாது. ரெண்டு வாய், ஒரு மூச்சு, ரெண்டு வாய், ஒரு மூச்சு என்று கேழ்வரகுக் கூழைக்கூட அரை மணி நேரம் குடித்தேன். வாயால் மூச்சு விட்டு விட்டு நாக்கு காய்ந்த தோல் மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளியே வெயில் 41 டிகிரி, வேலூரை வெயிலூர் என்று சொல்வது சும்மா இல்லை. மூக்கு வழியாகப் போகிற காற்றுக்கு அது ஈரம் ஏற்றி, பக்குவப்படுத்தி உள்ளே அனுப்புகிறது. வாய்க்கு அந்த வேலை தெரியாது. தூக்கம்தான் மிக மோசம். நான்கு தலையணை அடுக்கிச் சாய்ந்து படுக்கவேண்டும், ஒருக்களிக்கக் கூடாது. கண் அயர்ந்ததும் பழக்கத்தில் வாய் மூடிக்கொள்ளும். மூடிய மறுகணம் கிணற்றில் மூழ்கி எழுந்த மாதிரி உடம்பு தூக்கிப் போடும். ஒரு ராத்திரிக்கு இருபது தடவை. சாகமாட்டோம் என்று அறிவுக்குத் தெரியும், நெஞ்சுக்குத் தெரியாது.

அதனால்தான் அந்தச் சொட்டு மருந்தைப் பிடித்துக்கொண்டேன். சைலோமெட்டாசோலின். மூன்று நாளைக்கு மட்டும், அதுவும் காலையும் ராத்திரியும் மட்டும் போடச் சொல்லியிருந்தார்கள். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சவ்வின் வீக்கத்தைக் குறைக்கிறது. அதற்கு மேல் நாள் கணக்கில் போட்டால், மருந்தின் வேகம் இறங்கும்போது சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும், மறுபடி போட்டால்தான் அடங்கும் என்ற நிலை வந்துவிடும். இதுவும் எனக்குச் சொல்லப்பட்டதுதான். தெரிந்தேதான் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்து, ஐந்தாம் நாள் ஐந்து தடவை போட்டேன். முதலில் இரண்டு மணி நேரம் தாங்கியது, பிறகு ஒன்றரை, பிறகு முக்கால் மணி. சளிக்கு மூக்கில் தைலம் தடவுகிற வீடு எங்களுடையது, அதையும் விடவில்லை. புண் அருகில் தடவக்கூடாது என்பதால் கைக்குட்டையில் தேய்த்து முகத்துக்கு எதிரே பிடித்தேன். ஜில்லென்று மூக்கு திறந்த மாதிரி இருக்கும். கண்ணாடியை மூக்கு முன்னால் பிடித்துப் பார்த்தால் ஆவி அதே அளவுதான் படியும். மென்தால் குளிர்ச்சி நரம்பைத் தொட்டு எழுப்புகிறதே தவிர அடைப்பைத் தொடுவதில்லை. காற்று வருகிறது என்ற உணர்வு வேறு, காற்று வருவது வேறு என்று எனக்குத் தெரிந்தது அந்தக் கைக்குட்டையால்தான்.

சிரசுக்கு முந்தின ராத்திரி

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. எங்கள் வீட்டில் தீபாவளியைத் தவறவிட்டாலும் விடலாம், சிரசைத் தவறவிட மாட்டார்கள். ரேணுகாவின் வெட்டுண்ட தலை வேறொருத்தியின் உடம்பில் பொருந்திய கதைதான் அந்தத் திருவிழா. அம்மனின் சிரசு ஊர்வலமாக வந்து உடலோடு சேர்வதைக் குழந்தையிலிருந்து அம்மாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முந்தின நாளே அப்பாவும் தம்பியும் கிளம்பினார்கள். அம்மா கிளம்பவில்லை. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அவள் போகாத முதல் சிரசு அதுதான். இதுவும் என் கணக்கில் சேர்ந்தது. என் மூக்கால் அம்மாவுக்குச் சிரசு இல்லை என்ற நினைப்போடு அன்றைக்கு ராத்திரி இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டேன். மூடவும் முடியாத வாய் அது.

ஒரு மணிவாக்கில் மின்சாரம் போனது. மின்விசிறி நின்றதும் காற்றே இல்லாமல் போய்விட்டது போல ஒரு திகில். சொட்டு மருந்துக் குப்பியைத் தேடினேன், இருட்டில் கீழே விழுந்து உருண்டது. குனியக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், குனிந்தேன். தலைக்குள் ரத்தம் இறங்கி மூக்கு முழுவதும் கல்லாகிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து நாய் மாதிரி வாயால் இறைத்துக்கொண்டிருந்தேன். அம்மா செல்போன் வெளிச்சத்தோடு வந்து நின்றாள்.

“இன்னா பண்ணுது?”

“ஒண்ணுமில்லம்மா.”

“வாயத் தொறந்துகினு தரையில ஒக்காந்துகினு இருக்க, ஒண்ணுமில்லன்ற.”

குப்பி அவள் காலடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். முக்கால்வாசி காலி. அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. மூச்சு விட முடியவில்லை, தூங்கி நான்கு நாளாகிறது, பயமாக இருக்கிறது என்று சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நானே இழுத்து வைத்துக்கொண்டதுதானே, எந்த முகத்தோடு உன்னிடம் வந்து சொல்வேன் என்று அழுதேன். ‘வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கினா’ என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அம்மாவும் அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“மொதல்ல அழாத. அழுதா இன்னும் அடச்சிக்கும்” என்றாள். கண்ணீர் மூக்குக்குள்தான் வடிகிறது, அவள் சொன்னது சரி. பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகை நீவிக்கொண்டே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “புள்ள பெத்துக்கிறதும் நாமளா இழுத்து வச்சிக்கிறதுதான். அதுக்காக வலிக்குதுன்னு கத்தாம இருக்கோமா? நீ பொறந்தப்ப நான் கத்தினது தெருக்கோடி வரைக்கும் கேட்டுதாம்.”

ஒரு வருடமாக இதைத்தான் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு என் முடிவு பிடிக்கவில்லை, இன்றுவரை பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவளுடைய மூக்கைத்தான் நான் வேண்டாம் என்று செதுக்கிப் போட்டுவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் மூச்சு முட்டுகிறவளுக்கு மூச்சு முட்டுகிறது, அது எப்படி வந்தது என்ற விசாரணை அந்த நேரத்தில் அவளுக்குத் தேவைப்படவில்லை. நான்தான் விசாரணையும் நடத்தி எனக்கே தண்டனையும் கொடுத்துக்கொண்டிருந்தேன். நோயாளிகள் நிறைந்த தெருவைக் காட்டி என் வாயை நானே அடைத்தேன். அந்தப் பையனின் தலைக்கட்டுக்கும் என் மூக்குக்கும் என்ன போட்டி? நான் பேசாமல் இருந்ததால் அவனுக்கு ஒரு வலியும் குறைந்துவிடவில்லை.

அன்றைக்கு ராத்திரி அம்மா செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். குப்பியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். பாயைச் சுருட்டித் தலையணைகளுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து, என்னைக் கிட்டத்தட்ட உட்கார்ந்த வாக்கில் சாய்த்தாள். சன்னலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டித் தண்ணீர் தெளித்தாள். வறண்ட காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறியது, வாசனை எனக்குத் தெரியவில்லை. உதட்டில் வெண்ணெய் தடவினாள். மருத்துவமனையில் கொடுத்த உப்புநீர்த் தெளிப்பானைத்தான் நான் அலட்சியமாக விட்டிருந்தேன், சொட்டு மருந்தின் வேகம் அதில் இல்லை என்பதால். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதை அடிக்க வைத்தாள். உறைந்தது மெல்ல இளகி, வலது பக்கம் நூல் அளவுக்குக் காற்று வந்தது. சொன்னேன். அரை மணி கழித்து, “இப்ப எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். வலதுதான். விடிவதற்குள் இன்னொரு தடவை கேட்டபோது இடது பக்கம் லேசாகத் திறந்து வலது மூடியிருந்தது. அதிலிருந்து வீட்டில் அதுவே விசாரிப்பு ஆகிவிட்டது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்குப் பதில், எந்தப் பக்கம்?

இரண்டு வாசல்கள்

ஏழாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். சிலிக்கோன் தகடுகளை உருவியபோது சுண்டுவிரல் நீளத்துக்கு ஏதோ மண்டைக்குள்ளிருந்து வழுக்கி வந்த மாதிரி இருந்தது. அடுத்த மூச்சு, மூக்கின் உச்சிவரை ஜில்லென்று ஏறியது. அப்படி ஒரு மூச்சை நான் விட்டதே இல்லை. பாலாற்றுப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் மறுபடி அடைத்துக்கொண்டது. உள்ளே சவ்வு தேறச் சில வாரம் ஆகும், நுனி வீக்கம் முழுவதும் வடிய ஒரு வருடமும் ஆகலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், அதனால் இந்தத் தடவை பயப்படவில்லை. பக்கம் மாறி மாறி அடைப்பதைக் கேட்டதற்கு மருத்துவர் சிரித்தார். பெரும்பாலானவர்களுக்குச் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு பக்கச் சவ்வு வீங்கி மறு பக்கம் சுருங்குமாம். 1895இலேயே கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் அதை எழுதிவைத்திருக்கிறார். நல்ல மூக்கில் அது நமக்குத் தெரியாது, வீங்கிய மூக்கில் தெரியும். ஆயாவிடம் போனில் சொன்னேன். “சரம் மாறுறது. எங்க தாத்தா எந்தச் சரம் ஓடுதுன்னு பார்த்துட்டுத்தான் வெளியூருக்கே கெளம்புவாரு” என்றாள். இடது மூச்சு இடகலை, வலது மூச்சு பிங்கலை என்று படித்திருக்கிறேன், அது என் மூக்கில்தான் இருக்கிறது என்று அதுவரை தோன்றியதில்லை.

அந்த ஆயாதான் சிரசு முடிந்து வந்த தம்பியிடம் ஒரு பை நிறைய நொச்சித் தழை கொடுத்தனுப்பியிருந்தாள், ஆவி பிடிக்க. சூடு பட்டால் ரத்தக் குழாய் விரிந்து கசியும் என்று முதல் வாரங்களில் ஆவி வேண்டாம் என்றிருந்தார்கள். தழையைத் தூக்கிப்போட மனமில்லாமல் அம்மா அதைக் கொல்லையில் கொடியில் கட்டிக் காயவைத்தாள். அடுத்த மூன்று வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்மவேண்டும். மூக்குக் கண்ணாடி மூக்கில் உட்காரக் கூடாது என்பதால் நெற்றியில் டேப் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்புக் கரைசல் போட்டு ஒரு நாளைக்கு மூன்று வேளை உள்ளே கழுவினேன். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் மூக்கில் விடவே கூடாது, இதை மட்டும் யார் கேட்டாலும் அழுத்திச் சொல்கிறேன். அம்மா ஒரு மாதம் மிளகாய் தாளிக்கவில்லை. வாசனை தெரியாத மூக்குக்குக்கூட மிளகாய் நெடி ஏறும், அது வேறு நரம்பு வழியாகப் போகிற சமாச்சாரம். குழம்பு கொதிப்பது தெரியாது, நெடி மட்டும் தெரியும்.

அந்த நாட்களின் ராத்திரிகளில்தான் மூக்கு அறுவை சிகிச்சையின் பழைய கதைகளைப் படித்தேன். 1792 யுத்தத்தில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவரைப் பிடித்துத் திப்புவின் ஆட்கள் மூக்கை அறுத்துவிட்டார்கள். பிறகு புனே பக்கத்தில் ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவருக்கு மூக்கு வைத்தார். அந்தச் செய்தி 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்து, அதைப் பார்த்துத்தான் ஐரோப்பாவில் இந்த முறையைக் கற்றுக்கொண்டார்கள். திப்புவின் பிள்ளைகளைப் பிற்பாடு அடைத்து வைத்தது எங்கள் வேலூர்க் கோட்டையில். அகழி ஓரமாக எத்தனை தடவை நடந்திருப்பேன், அந்த யுத்தத்தின் நூல் ஒன்று என் மூக்குவரை வரும் என்று நினைத்ததில்லை. ஆனால் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. தோலைத் தைத்தபின் சில நாள் கழித்து, துவாரம் மூடிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய துணியை உள்ளே வைப்பார்கள் என்று அதில் இருக்கிறது. அதற்கும் எவ்வளவோ முந்திய சுஸ்ருத சம்ஹிதையில், மூச்சு விட வசதியாக இரண்டு குழாய்களைச் செருகவேண்டும் என்றே எழுதியிருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “அப்பவே மூச்சுக்குக் கொழா வச்சாங்களா?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஐந்தாம் வாரம் வாலாஜாவில் ஒரு நிச்சயதார்த்தம். நானும் அம்மாவும் ஆற்காடு வழியாக பஸ்ஸில் போனோம். மூச்சு ஓரளவு சீராகியிருந்தது, வாசனைதான் இன்னும் வரவில்லை. மல்லிகைப்பூவைக் கொடுத்துப் பார்த்தாள், கற்பூரத்தைக் கொடுத்துப் பார்த்தாள், பெருங்காய டப்பாவைத் திறந்து காட்டினாள். ஒன்றும் இல்லை. பஸ் மேல்விஷாரத்தை நெருங்கும்போது சன்னல்களைச் சாத்தத் தொடங்கினார்கள். தோல் பதனிடும் டேனரிகளின் நாற்றம் எங்கள் ஜில்லாவில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்து காற்றில் நிற்கும், ஊர் தாண்டும்வரை எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முதலில் தொண்டையில் ஒரு கரிப்பு. பிறகு மெல்ல, எங்கேயோ மேலே, அது வந்தது.

“அம்மா, நாத்தம் வருதும்மா.”

அவள் முந்தானையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எந்தப் பக்கம்?”

ஒரு விரலால் இடதை மூடி இழுத்தேன். பிறகு வலதை மூடி இழுத்தேன்.

“ரெண்டும்.”

முன் சீட்டுக்காரர் சன்னலைச் சாத்தக் கை நீட்டினார். “சாமி, ஒரு நிமிஷம் இருங்க, அது தொறந்தே இருக்கட்டும்” என்றாள் அம்மா.